அந்த ஐந்து விநாடிக்குப் பிறகு

(பல்லேகலவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பல்லேகல என்ற பெயரை வெளியுலகம் அறிந்துகொண்டது கிரிக்கெட் மைதானத்தால். கண்டிப் பக்கத்துக் குடும்பங்கள் சிலவற்றுக்கு அந்தப் பெயர் வேறொன்றைச் சொல்லும். 1876ஆம் ஆண்டு முதல் நகரின் நடுவே நின்ற போகம்பறைச் சிறை 2014இல் மூடப்பட்டு, அங்கிருந்தவர்கள் கொண்டுவரப்பட்ட தும்பறைச் சிறைச்சாலை இங்கேதான் இருக்கிறது. மகனைப் பார்க்க வரும் தாய்மார் அடையாள அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு, தென்னக்கும்புர பாலம் தாண்டி பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள்.

கைதாகும் ஒருவர் இந்தச் சிறை வாசலுக்கு வந்து சேருவதற்குள் பிடிபட்ட இடம், பொலிஸ் நிலையம், வைத்தியசாலை, நீதவான் நீதிமன்றம் என்று ஒவ்வொன்றாகக் கடந்து வருகிறார். மற்றவற்றைப் பற்றிப் பேசச் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். வைத்தியசாலையைப் பற்றி நான் பேசுகிறேன். அரசாங்க வைத்தியசாலைகளின் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் அதற்கு எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

என்னிடம் பேசச் சொன்ன விடயம், பொலிஸார் பாவிக்கும் மின்னதிர்ச்சி ஆயுதம். டேசர் என்ற பெயரில் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். நம் ஊரில் பொலிஸாரின் கையில் பார்த்துப் பழகியவை பொல்லும், கண்ணீர்ப்புகையும், துப்பாக்கியும். பொல்லுக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் உயிரை எடுக்காத ஆயுதம் ஒன்று இருந்தால் நல்லதுதானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். கத்தியோடு நிற்கும் மனநோயாளியைச் சுட்டுத்தான் நிறுத்த வேண்டும் என்ற நிலையை யாரும் விரும்பமாட்டார்கள். அயலில் குஜராத் மாநிலப் பொலிஸார் 2021இல் இந்த ஆயுதத்தை வாங்கிவிட்டார்கள். நாளை இங்கும் வரலாம். வருவதற்கு முன்னர் பேசினால்தான் பேச்சுக்குப் பயன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடுகிறேன். 2018 மார்ச்சில் திகனவிலும் தெல்தெனியவிலும் நடந்தவற்றைக் கண்ணால் கண்டவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அப்படி ஒரு கலவரக் கூட்டத்தைக் கலைக்க இந்த ஆயுதம் உதவாது. இது ஒரேயொரு ஆளை, ஏழெட்டு மீற்றர் தூரத்துக்குள், சில விநாடிகள் அசையவிடாமல் செய்வதற்கு அமெரிக்காவில் 1970களில் ஜாக் கவர் என்பவர் உருவாக்கிய கருவி. அளவான ஒரு வேலைக்கு அளவான கருவி என்றுதான் அது பிறந்தது.

வேலை செய்யும் விதம் இதுதான். விசையை அழுத்தினால் முள் வைத்த இரண்டு சிறு ஊசிகள் மெல்லிய கம்பியோடு பாய்ந்து போய்ச் சட்டையிலோ தோலிலோ குத்திக்கொள்ளும். ஊசியின் நீளம் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர். இரண்டு ஊசிக்கும் இடையே, விநாடிக்கு ஏறத்தாழ 19 தடவை என்ற கணக்கில், மிகக் குறுகிய மின்துடிப்புகள் ஓடும். ஒருமுறை அழுத்தினால் ஐந்து விநாடி. விரலை எடுக்காவிட்டால் தொடர்ந்து ஓடும். 50,000 வோல்ட் என்று கேட்டவுடன் பயம் வரும். உண்மையில் உடம்புக்குள் ஓடும் சராசரி மின்னோட்டம் ஓரிரு மில்லி அம்பியர்தான். அந்த அளவு, ஊசிகளுக்கு இடைப்பட்ட தசைகளையெல்லாம் ஒரே நேரத்தில் இறுக்கிவிடப் போதும். ஆள் மரம்போல் விறைத்து அப்படியே சாய்வார். அவர் நினைவோடுதான் இருப்பார். கையை ஊன்றி விழ மட்டும் முடியாது.

இதற்கு இன்னொரு பாவனையும் உண்டு. ஊசியைப் பாய்ச்சாமல், கருவியின் முனையை நேராக உடம்பில் வைத்து அழுத்துவது. அப்போது தசை முழுவதும் இறுகுவதில்லை; ஆள் செயலிழப்பதும் இல்லை. வலி மட்டும் கிடைக்கும். தடுத்து நிறுத்த உதவாத, வலிக்காகவே வலி தரும் இந்தப் பாவனையைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

இப்போது அவசர சிகிச்சைப் பிரிவின் மேசைக்கு வருவோம். மின்னதிர்ச்சி பட்ட ஒருவரைக் கொண்டுவந்து கிடத்தினால் வைத்தியர் முதலில் எதைப் பார்க்க வேண்டும்? இருதயம் என்றுதான் பொதுவாக நினைப்பார்கள். அதையும் பார்க்க வேண்டும். ஆனால் அதற்கு முன்னர் தலையைப் பார்க்க வேண்டும். கை ஊன்றாமல் சீமெந்துத் தரையில் விழுந்தவரின் மண்டைக்குள் இரத்தம் கசிகிறதா, கழுத்தெலும்பு சரியாக இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கும் வயோதிபர் என்றால் கேள்வி இன்னும் பெரிதாகிறது. தசைகள் இறுகிய வேகத்திலேயே முதுகெலும்பு நசுங்கி முறிந்தவர்கள் உண்டு. முதுகு வலிக்கிறது என்று அவர் சொன்னால், நடிக்கிறான் என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வதைக் கேட்கக் கூடாது. எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

அடுத்தது ஊசி. கை, கால், முதுகு என்றால் பெரிய வேலை இல்லை. ஊசி குத்திய இடத்துத் தோலை ஒரு கையால் இழுத்துப் பிடித்து, மறு கையால் நேராக, ஒரே இழுவையில் எடுக்க வேண்டும். சாய்த்து இழுத்தால் முள் தசையைக் கிழிக்கும். காயத்தைச் சுத்தம் செய்து ஏற்பு ஊசி போட வேண்டும். எடுத்த ஊசி முறியாமல் முழுதாக வந்ததா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பின்னர்தான் டப்பாவில் போட வேண்டும். அந்த ஊசி வழக்கில் சான்றுப் பொருளும்கூட. கண், கழுத்து, மார்பகம், பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் குத்தியிருந்தால் பொலிஸார் தொடவே கூடாது. கண்ணில் குத்தியதை வாட்டில்கூடப் பிடுங்கக் கூடாது. கண் வைத்தியரிடம் அப்படியே அனுப்ப வேண்டும்.

கர்ப்பிணியா என்று கேட்க வேண்டும். இருதயத்தில் கருவி பொருத்தியிருக்கிறதா என்று கேட்க வேண்டும். பெற்றோல் மணமோ, மதுசாரம் கலந்த மிளகுத் தெளிப்பின் மணமோ சட்டையில் இருந்தால் தீக்காயத்தைத் தேட வேண்டும். பொறி பட்டு உடை பற்றியெரிந்த சம்பவங்கள் நடந்திருக்கின்றன.

பிறகு நேரம். எத்தனை தடவை அழுத்தினார்கள், மொத்தம் எத்தனை விநாடி? அமெரிக்காவின் அவசர மருத்துவ வல்லுநர்கள் ஆராய்ந்து சொன்ன கணக்கு 15 விநாடி. அதற்குள் நின்றிருந்தால், ஆள் நல்ல நினைவோடு, வேறு நோயோ முறைப்பாடோ இல்லாமல் இருந்தால், ஒவ்வொருவருக்கும் ஈ.சி.ஜி.யும் இரத்தப் பரிசோதனையும் கட்டாயம் என்று சொல்ல ஆதாரம் இல்லை என்றார்கள். அதைத் தாண்டினால் கதை வேறு. நீண்ட நேரம் இறுகிய தசை சிதைந்து இரத்தத்தில் கலக்கும், பொட்டாசியம் ஏறும், இரத்தம் அமிலமாகும், சிறுநீர் பிளேன் டீ நிறத்தில் வரும், சிறுநீரகம் நின்றுபோகும். ஓடிக் களைத்தவர், போதைப்பொருள் எடுத்தவர், பயத்தில் உடம்பு கொதிக்கிறவர் ஆகியோருக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். அவர் முதுகில் இருவர் ஏறி உட்கார்ந்து முகத்தைத் தரையில் அமுக்கியிருந்தால் மூச்சும் போகும்.

15 விநாடியா, 50 விநாடியா என்பதை யார் சொல்வது? விழுந்தவருக்கு எண்ணத் தெரியாது. அழுத்தியவர் குறைத்துச் சொல்லலாம். இந்த ஒரு விடயத்தில் கருவியே உண்மையைச் சொல்லும். எத்தனை மணிக்கு விசை அழுத்தப்பட்டது, எத்தனை விநாடி ஓடியது என்பதைப் பொலிஸ் பாவனைக்கான டேசர்கள் தங்களுக்குள்ளே பதிந்து வைக்கின்றன. அந்தப் பதிவு நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன்னர், நோயாளியோடு சேர்ந்து வைத்தியரின் கைக்கு வர வேண்டும். இது சான்று மாத்திரமல்ல. எந்தச் சிகிச்சை என்று தீர்மானிக்கும் தகவல். இந்த ஆயுதத்தை வாங்குவதென்றால் ஒப்பந்தத்திலேயே எழுதி வைக்க வேண்டிய முதல் நிபந்தனை இதுதான் என்பேன்.

உயிரை எடுக்காது என்ற பேச்சு எவ்வளவு தூரம் சரி? ரொய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2017இல் அமெரிக்கப் பதிவுகளைத் தோண்டி, பொலிஸார் டேசர் பாவித்த சம்பவங்களில் 1,000க்கு மேற்பட்டோர் இறந்திருப்பதைக் காட்டியது. பெரும்பாலானவற்றில் வேறு பலப்பிரயோகமும் சேர்ந்திருந்தது. 153 மரணங்களில், டேசரே காரணம் அல்லது காரணங்களில் ஒன்று என்று மரண விசாரணையில் எழுதப்பட்டிருந்தது. தயாரித்த நிறுவனமே 2009இல் நெஞ்சைக் குறிவைப்பதைத் தவிர்க்கும்படி பொலிஸாருக்கு அறிவித்தது. பாவித்தவற்றில் மிகச் சிறு பங்குதான் மரணத்தில் முடிகிறது என்பதும் உண்மை. அதனால்தான் ஆளைப் பார்த்துப் பாவிக்க வேண்டும் என்கிறேன்.

அவுஸ்திரேலியாவின் கூமா என்ற சிறு நகரில் 2023 மே 17 அன்று நடந்ததைச் சொல்கிறேன். முதியோர் இல்லம் ஒன்றில் கிளேயார் நௌலண்ட் என்ற 95 வயது மூதாட்டி. மறதி நோய், நிறை 48 கிலோவுக்குள். விடியப்புறத்தில் சமையலறைக் கத்தியொன்றைக் கையில் வைத்துக்கொண்டு, நடைவண்டியைப் பிடித்தபடி மெல்ல மெல்ல நகர்ந்தார். வந்த பொலிஸ் உத்தியோகத்தர் டேசரால் சுட்டார். மூதாட்டி விழுந்து தலை அடிபட்டு ஒரு வாரத்தில் இறந்தார். மின்சாரம் அவரது இருதயத்தை நிறுத்தவில்லை. தரை கொன்றது. அந்த உத்தியோகத்தர் 2024 நவம்பரில் குற்றவாளியாகக் காணப்பட்டார். 2025 மார்ச்சில் சிறைத் தண்டனை இல்லாமல் விடப்பட்டார். தலையைப் பார்க்க வேண்டும் என்று முதலில் சொன்னேனே, இதனால்தான்.

கனடாவின் வான்கூவர் விமான நிலையத்தில் 2007 அக்டோபர் 14 அன்று நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. போலந்திலிருந்து தாயிடம் வந்த ரொபர்ட் ஜெகான்ஸ்கி என்ற 40 வயதுக்காரர், ஆங்கிலம் ஒரு சொல் தெரியாமல், பத்து மணித்தியாலம் அளவில் அந்த நிலையத்துக்குள்ளேயே அலைந்திருக்கிறார். தாய் வெளியே காத்திருந்து, மகன் வரவில்லை என்று நினைத்துத் திரும்பிப் போய்விட்டார். களைப்பும் பயமும் முற்றி அவர் கதிரையைத் தூக்கினார், கணினியை எறிந்தார். நான்கு பொலிஸார் வந்தார்கள். அவர் கையில் அப்போது இருந்தது காகிதம் தைக்கும் ஸ்டேப்ளர். வந்து அரை நிமிடத்துக்குள் முதல் தடவை டேசர். மொத்தம் ஐந்து தடவை. கையைப் பின்னால் கட்டித் தரையில் கிடத்தினார்கள். அந்த விமான நிலையத்துக்கென்றே இருந்த அவசர மருத்துவக் குழுவை யாரும் அழைக்கவில்லை. தீயணைப்புப் படையினர் வந்து, பரிசோதிக்க வேண்டும், விலங்கைக் கழற்றுங்கள் என்று கேட்டபோதும் கழற்றப்படவில்லை என்று விசாரணையில் சாட்சியம் வந்தது. அங்கேயே இறந்தார்.

முன்னாள் நீதிபதி பிரெய்ட்வுட் தலைமையில் நடந்த விசாரணை, டேசர் பாவித்தது நியாயமற்றது என்று கண்டது. விசாரணையில் பொய் சொன்னதற்காகப் பின்னர் இரு பொலிஸார் தண்டிக்கப்பட்டார்கள். அந்த மனிதரிடம் அவருடைய மொழியில் நாலு வார்த்தை பேச அவ்வளவு பெரிய விமான நிலையத்தில் அத்தனை மணித்தியாலமும் ஒருவர் கிடைக்கவில்லை. எனக்கு இன்றும் ஆறாத இடம் அது.

ஏன் ஆறவில்லை என்று சொல்கிறேன். நான் வேலை செய்த வைத்தியசாலை ஒன்றில், பெயர் வேண்டாம், ஓர் இரவு தோட்டத்து இளைஞன் ஒருவனைப் பொலிஸார் கொண்டுவந்தார்கள். கட்டிலில் உட்காரவே முடியாமல் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தான்.

"என்ன தம்பி நடந்தது?" என்று கேட்டேன்.

அவன் வாயைத் திறப்பதற்கு முன்னர், படியில் விழுந்துவிட்டான் டொக்டர் என்று கான்ஸ்டபிள் சிங்களத்தில் சொன்னார்.

"ஆமாங்கய்யா, படியில விழுந்துட்டேங்க" என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டே.

தாளில் ஒரு கையெழுத்துக் குறைகிறது, அலுவலகத்தில் வாங்கி வாருங்கள் என்று கான்ஸ்டபிளை அனுப்பிவிட்டுத் திரையை இழுத்து மூடினேன். அவன் சட்டையைத் தூக்கினான்.

"முதுகப் பாருங்கய்யா. எழுதிராதீங்க, திரும்பவும் அங்கதான் கூட்டிட்டுப் போவாங்க."

முதுகில் இணைகோடுகளாகச் சிவந்த தடங்கள். ஒவ்வொரு சோடிக் கோட்டுக்கும் நடுவே தோல் வெளிறியிருந்தது. உருண்டையான தடியால் ஓங்கி அடித்தால் வரும் தடம் அது. பட்ட இடத்தில் இரத்தம் இரு பக்கமும் ஒதுங்கி ஓரங்களில் கன்றும். எந்தப் படியில் விழுந்தாலும் அது வராது. எழுதாதே என்று அவன் கெஞ்சினான். எழுதுவதற்குத்தான் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். எழுதினேன். வாட்டில் அனுமதித்தேன், அந்த இரவு அவன் திரும்பிப் போகாமலிருக்க என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். சட்ட வைத்திய அதிகாரிக்கு அறிவித்தேன்.

எனக்குத் தமிழ் தெரிந்ததால் இவ்வளவாவது நடந்தது. தமிழ் தெரியாத நல்ல வைத்தியர்கள் எத்தனையோ பேர் கண்டியில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் தோட்டத்து நோயாளிக்கும் நடுவே யார் மொழிபெயர்க்கிறார்கள்? கூட்டிவந்த கான்ஸ்டபிள். 1987இலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. அந்த உரிமை கடிதத் தலைப்பிலும் பெயர்ப்பலகையிலும் இருக்கிறது. திரைக்குப் பின்னால், விலங்கு போட்ட மனிதன் வைத்தியரிடம் பேசும் இரண்டு நிமிடத்தில் இருப்பதில்லை. அங்கேதான் அது முதலில் வேண்டும். ஒரு தாதி, ஒரு சிற்றூழியர், தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளர், யாராவது போதும். கைது செய்தவர் மட்டும் கூடாது.

மின்னதிர்ச்சி என்று வரும்போது இந்த இரண்டு நிமிடத்தின் பெறுமதி பல மடங்காகிறது. தடியடித் தடம் நாட்கணக்கில் நிற்கும். மின்சாரம் விட்டுப்போகும் தடம் அப்படியல்ல. சித்திரவதையை ஆராயும் வைத்தியர்களுக்காக ஐக்கிய நாடுகள் வெளியிட்ட இஸ்தான்புல் நெறிமுறை, மின் காயங்கள் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மில்லி மீற்றர் விட்டமுள்ள செம்பழுப்பு வட்டங்கள் என்று சொல்கிறது. கறுத்த தோலில் உற்றுப் பார்க்காமல் தெரியாது. சில நாட்களில் ஆறிவிடும். டேசரின் முனையை வைத்து அழுத்திய தடம் என்றால் ஒரே இடைவெளியில் சோடி சோடியாகத் தெரியும். ஒரு சோடியா, பத்துச் சோடியா என்று எண்ணி, அளவுகோல் வைத்துப் படமெடுத்து, உடல் வரைபடத்தில் குறிக்காவிட்டால் அடுத்த தவணைக்குள் அதற்குச் சாட்சியே இல்லாமல் போகும்.

வலிக்காகவே வலி தரும் பாவனை என்று சொல்லி நிறுத்தியது இதற்காகத்தான். போர்க்காலத்தில் தடுப்புக்காவலில் இருந்து மீண்டவர்களின் சாட்சியங்களில் மின்சாரம் வருகிறது. அதை அனுபவித்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் இன்னும் நம்மிடையே வாழ்கிறார்கள். அப்படிப்பட்ட நாட்டில் பூட்டிய அறைக்குள் பாவிக்கக்கூடிய, தடம் சீக்கிரம் மறையும் மின் கருவியொன்றைப் பொலிஸ் நிலையத்துக்குள் கொடுப்பது என்பதை மற்ற நாடுகளைப் போல எண்ணிவிட முடியாது. 2007இல் ஐ.நா. சித்திரவதைக்கெதிரான குழு போர்த்துக்கல் வாங்கிய டேசர்களைப் பற்றிக் கவலை தெரிவித்தது. 2023இல் ஐ.நா. விசேட அறிக்கையாளர் அலிஸ் எட்வர்ட்ஸ், நேரடியாக உடம்பில் வைக்கும் மின்னதிர்ச்சிக் கருவிகளின் உற்பத்தியையும் வியாபாரத்தையுமே தடைசெய்ய வேண்டும் என்றார். நான் அதை முழுமனதோடு ஏற்கிறேன். தூரத்தில் கத்தியோடு நிற்பவரை நிறுத்த ஊசி பாய்ச்சும் கருவி வேண்டுமா என்று விவாதிக்கலாம். விலங்கு போட்டவரின் உடம்பில் முனையை வைத்து அழுத்துவதை விவாதிக்க எதுவும் இல்லை. இந்த நாட்டின் 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சித்திரவதைச் சட்டப்படி அது குற்றம்.

சிகிச்சை தாமதமானால், அல்லது பொய்யானால், என்ன நடக்கும் என்பதற்கு நம் கண்முன்னே இரண்டு பெயர்கள் இருக்கின்றன. இரண்டிலும் டேசர் இல்லை; இருந்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது.

தமிழ்நாட்டின் சாத்தான்குளத்தை இங்கே மறந்தவர்கள் இருக்க மாட்டார்கள். 2020 ஜூன் 19 அன்று கைதான ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் பொலிஸ் நிலையத்தில் இரவெல்லாம் அடிக்கப்பட்டு, மறுநாள் அரச வைத்தியசாலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். உடுத்த துணிகள் இரத்தத்தில் நனைந்து மாற்றப்பட்டதாகக் குடும்பத்தவர் சொன்னார்கள். அந்த நிலையிலும் அவர்கள் சிறைக்குப் போகத் தகுதியானவர்கள் என்று சான்றிதழ் கிடைத்தது. நீதவான் ரிமாண்ட் செய்தார். 22ஆம் திகதி இரவு மகன் இறந்தார், 23ஆம் திகதி விடியப்புறம் தகப்பன். கைது செய்யப்பட்டவரை 48 மணித்தியாலத்துக்கு ஒருமுறை வைத்தியர் பரிசோதிக்க வேண்டும் என்று 1996இலேயே டி.கே. பாசு வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டிருந்தது. கட்டளை இருந்தது, வைத்தியசாலை இருந்தது, வைத்தியர் இருந்தார். தகுதி என்று ஒரு சொல் எழுதப்பட்டதும் அத்தனையும் பயனற்றுப் போயின. அந்தப் பொலிஸ் நிலையத்தின் பெண் தலைமைக் காவலர் ஒருவர்தான் துணிந்து பார்த்ததைச் சொன்னார். வைத்தியர்களாகிய நாம் அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது.

மற்றது நம் நாட்டில். 2002 ஜூன் 3 அன்று ஜெரல்ட் பெரேரா என்ற தொழிலாளியை ஆள் மாறிப் பிடித்து வத்தளைப் பொலிஸார் வதைத்தார்கள். அதன்பின் அவரை விட்டார்கள். பிறகுதான் சிறுநீரகம் நின்றது. தனியார் வைத்தியசாலையில் நினைவில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் கிடந்தார். தசை சிதைந்தால் சிறுநீரகம் நின்றுபோகும் என்று சொன்னேனே, அதுதான் இது. நசுங்கிய தசை உடனே கொல்லாது, ஒன்றிரண்டு நாள் கழித்துக் கொல்லும். 2003 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ எழுதிய தீர்ப்பு 8 இலட்சம் ரூபாய் இழப்பீட்டோடு, அந்தத் தனியார் வைத்தியசாலையின் செலவையும் கொடுக்கச் சொன்னது. வதைத்தது அரசின் ஆட்கள் என்றால் பிழைக்க வைக்கும் செலவும் அரசுடையது என்பது அன்றே தீர்ந்துபோன சட்டம். இன்றும் எத்தனையோ குடும்பங்கள் நகையை அடகு வைத்து அந்தச் செலவைக் கட்டுகின்றன. பெரேரா மேல் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லவிருந்த நேரத்தில், 2004 நவம்பரில், பஸ்ஸுக்குள் சுடப்பட்டு இறந்தார். சாட்சிகளைப் பாதுகாக்கும் சட்டம் 2015இல்தான் வந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். காவலில் இறந்தவருக்கு, கடும் கிளர்ச்சி மயக்கம் என்ற ஒரு காரணத்தை அமெரிக்காவில் நெடுங்காலம் எழுதி வந்தார்கள். அவரே உளறி, வெறிகொண்டு, உடம்பு கொதித்து இறந்தார், பிடித்தவர்கள் மீது தவறில்லை என்ற பொருள்பட. அதற்கு ஆதரவாக 2009இல் அறிக்கை வெளியிட்ட அவசர மருத்துவர்களின் கல்லூரியே 2023 அக்டோபரில் அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. வெளிநாட்டில் கழித்துவிட்ட அந்தக் காரணம் இங்கே ஒரு மரண அறிக்கையில் தலைகாட்டினால் சட்டத்தரணிகள் விடக்கூடாது.

இனி, நாளைக்கே பயன்படக்கூடியவை. காயப்பட்டவருக்கு முடிந்தளவு விரைவில் மருத்துவ உதவி கிடைக்க வேண்டும், உறவினருக்கு அறிவிக்க வேண்டும் என்று பொலிஸ் பலப்பிரயோகம் பற்றிய ஐ.நா. அடிப்படைக் கோட்பாடுகள் 1990இலேயே சொல்லிவிட்டன. அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தெருவில் ஒருவர் விழுந்து கிடந்தால் 1990 இலக்கத்துக்கு அடித்து சுவசெரிய அம்பியூலன்ஸைக் கூப்பிட யாருடைய அனுமதியும் தேவையில்லை, பணமும் இல்லை. அந்த அழைப்பின் நேரம் பதிவாகிவிடும். பின்னர் யாரும் அதை மாற்ற முடியாது.

சட்ட வைத்தியப் பரிசோதனைக்கான படிவத்தைக் கொடுப்பவர்கள் பொலிஸார். அடித்த நிலையமே படிவத்தையும் கொடுக்க வேண்டிய நிலை வரும்போது அது வராமலே போகலாம். அதற்காகச் சிகிச்சை நிற்கத் தேவையில்லை. நேரே வைத்தியசாலைக்குப் போய், பொலிஸார் தாக்கினார்கள் என்று வெளிநோயாளர் பிரிவிலேயே சொன்னால், வைத்தியசாலைப் பொலிஸ் காவலரணுக்கு அறிவித்து, சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்ப வழி இருக்கிறது. சொன்ன வார்த்தை நோயாளர் டிக்கெட்டில் எழுதப்பட்டதா என்று கேளுங்கள். மின்சாரம் வைத்தார்கள் என்றால் எந்த இடத்தில், எத்தனை தடவை என்று அன்றைக்கே சொல்லுங்கள். நாளை தடம் இருக்காது. சிறுநீர் கறுத்துப் போனால், அல்லது நின்று போனால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

விளக்கமறியலில் இருப்பவர் என்றால், நீதவான் முன் கொண்டுவரப்படும்போது அவரே வாயைத் திறந்து வைத்தியரிடம் அனுப்பும்படி கேட்கலாம். சட்டத்தரணி இல்லாவிட்டாலும் கேட்கலாம், தமிழிலேயே கேட்கலாம். இந்தச் சிறை வாசலில் மகனைப் பார்க்கும் தாய், கம்பிக்கு அப்பால் நிற்கும் பிள்ளை நொண்டுகிறானா, தலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறானா என்று கவனித்து அன்றைக்கே மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்கலாம். கண்டியில் அதன் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. அவசர இலக்கம் 1996. உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனு போட அரசியலமைப்பு தரும் காலம் ஒரு மாதம் மட்டுமே. அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்துவிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆள் வாட்டில் கிடக்கும்போது வழக்கைப் பற்றி என்ன பேச்சு என்று வீட்டார் தள்ளிப் போடுவார்கள். முறைப்பாட்டை மட்டுமாவது அந்த வாரத்திலேயே எழுத்தில் கொடுத்து, இலக்கத்தைக் கையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்விகள் இருக்கும். சட்டம் சம்பந்தமானவற்றை முன்வரிசையில் இருக்கும் சட்டத்தரணிகளிடமும், உடம்பு சம்பந்தமானவற்றை என்னிடமும் கேளுங்கள்.